வலிக்காத பாதி

காலை ஷிப்ட் பஸ் ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டும்போது கௌரி போனில் அழைத்தாள். “அக்கா போயிட்டாங்க” என்றாள். அழவில்லை. அவளுடைய அக்கா, நம் ஃபேக்டரி லைனில் சூப்பர்வைசராக இருந்த செல்வி அக்கா. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வேன் கவிழ்ந்து அவருக்கு முதுகுத்தண்டு முறிந்து, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது, மணிமங்கலத்து வீட்டுக்குப் போய்வந்த சிலருக்குத்தான் தெரியும்.

ஒரு சித்திரை மதியம் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென அவர் முகம் சிவந்து வியர்வை கொட்டியது. தொடையைத் தொட்டேன், காய்ந்து, சில்லென்று கிடந்தது. ஒரே சக்கர நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. “தலை வெடிக்குது. கீழ இன்னாவோ நடக்குது, பாரு” என்றார். சிறுநீர்க் குழாய் சக்கரத்தில் சிக்கி மடங்கியிருந்தது. நிமிர்த்தினேன், சற்று நேரத்தில் வியர்வை நின்றது. “அப்பிடியே வுட்டிருந்தா மூத்திரம் அடைச்சி பிரஷர் ஏறி, தலையில ரத்தக்குழா வெடிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

இன்னொரு நாள், “இன்னா தீயற நாத்தம்?” என்று என்னை அடுப்பைப் பார்க்கச் சொன்னார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. காய்கறி நறுக்க மடியில் வைத்திருந்த பலகையில், அடுப்பிலிருந்து இறக்கிவைத்த சூடான சட்டி சரிந்து, நைட்டி கருகியிருந்தது. அதற்கடியில் தொடையும். குனிந்து பார்த்தவர் மெதுவாகக் கேட்டார்: “நான்தானா?”

அந்தப் புண் ஆற எட்டு மாதமானது.

போன மாதம் போனபோது அவர் கால்கள் தாமாகவே துள்ளித் துள்ளி மிதிபலகையில் இடித்துக்கொண்டிருந்தன. முன்பும் துள்ளும், இப்படி இல்லை. அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கு வாய் இல்லடி. உதைச்சித்தான் சொல்லுது.”

“காய்ச்சல் இல்ல, வலியும் இல்ல. திங்கக்கிழமை டாக்டரைப் பாத்துக்கலாம்க்கா” என்றேன். சொன்னது நான்தான்.

திங்கட்கிழமை டாக்டர் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தார். உட்காரும் இடத்தில் ஒரு சின்னத் துளை. உள்ளே எலும்புவரை அழுகியிருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. பலமுறை தொற்று கண்டு ஏற்கெனவே நலிந்திருந்த சிறுநீரகம் தாங்கவில்லை.

தன்னைப் போலவே முதுகுத்தண்டு முறிந்த வாலாஜாபாத் பெண் ஒருத்தியை அக்கா தினமும் போனில் விசாரிப்பார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு நான் போகிறேன். “எங்கியும் வலிக்கலக்கா” என்கிறாள் அவள். அந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதியடையாமல் இருப்பதுதான் செல்வி அக்கா எனக்கு விட்டுப்போனது. அவளைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.