ரோட்டிலிருந்து தெரிகிற மஞ்சள்

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் பெயிண்ட் கடைக்கு, மழை விட்டிருந்த ஒரு நவம்பர் மதியம் அந்த அம்மா வந்தார். நரைத்த கொண்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. கலர் அட்டையைக் கல்லாப் பெட்டிமேல் நிறுத்திவைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து வேறு நிறம் கேட்டார். மறுபடியும் ரோட்டைத் தாண்டினார். மற்றவர்கள் காத்திருந்ததால் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வூட்டு முன்செவுத்துக்கு மட்டும் போதும் சார். கையில இருக்கறது அதுக்குத்தான் ஆவும்."

"வூட்ல வேற இன்னா வேல கெடக்குது?"

"தளம் ஒழுவுது. படுக்கற எடத்துலயே."

"மொதல்ல அதப் பாருங்கம்மா. பெயிண்ட் அடுத்த வருசம் அடிச்சிக்கலாம்."

"ஒழுவுனா கட்டில நவுத்திக்குவேன் சார். போன கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுலருந்து வூடு வூடா பாடிகினு வந்தாங்க. பாடுற புள்ளைங்க எல்லாம் புதுசு. செவுத்தப் பாத்துட்டு, ஆளில்லாத வூடுன்னு தாண்டிப் போய்ட்டாங்க. நான் உள்ள கேக்கு தட்ட வச்சிகினு ஒக்காந்திருந்தேன்."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமே."

"நான் இருக்கறன்னு நானே சொல்லணுமா சார்?"

இருப்பதிலேயே கண்ணில் அடிக்கிற மஞ்சளை வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பரில் பாட்டுக்காரர்களின் வேன் கடை வழியாகப் போகும்போதெல்லாம், அதை நிறுத்தி, மஞ்சள் சுவர் வைத்த வீட்டைத் தாண்டிவிடாதீர்கள் என்று சொல்லத் தோன்றும். அது எந்த ஊரில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியாது.