பட்டாளத்தார் இல்லமும் தண்ணீர் காணாத தொட்டியும்

கல்யாணமாகி நான் அவனியாபுரத்துக்கு வந்தபோது, என் கணவர் வேலை பார்த்த இடத்தின் பெயர் பட்டாளத்தார் இல்லம். பெயரில் இருந்த பட்டாளம்தான் இடத்தில் இல்லை. உலகப் போரின்போது பக்கத்து விமானத்தளத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக ஒரு பாப்திஸ்து மிஷன் கட்டிய வீடு அது. இரும்புக் கட்டில்கள், அண்டா அண்டாவாக டீ போடும் பாத்திரங்கள், ஒரு சின்ன ஜெபக்கூடம். போர் முடிந்து சிப்பாய்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். மிஷனுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, இல்லம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் அங்கே போதகர், மேலாளர், தோட்டக்காரர் எல்லாம். நான் வந்த மறுநாளே சமையல்காரி ஆனேன்.

விடுப்பில் வருகிற நம்மூர்ப் பட்டாளத்துக்காரர்கள்தான் எங்கள் விருந்தாளிகள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், மாமனார் வீட்டில் முறைத்துக்கொண்டு வந்தவர்கள். வந்தால் கட்டில் உண்டு, டீ உண்டு, அரை மணி நேரம் ஜெபமும் உண்டு. மூன்றையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் இல்லம் கட்டிய நாளிலிருந்து ஒரு சிப்பாய்கூட அங்கே ஞானஸ்நானம் எடுத்ததில்லை. பாப்திஸ்துகளுக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது. விவரம் தெரிந்த ஆள், தானாக விசுவாசம் வந்து, தண்ணீருக்குள் முழுசாக முங்கி எழ வேண்டும். அதற்காக ஜெபக்கூடத்தின் மேடைக்கு அடியில் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி, மேலே பலகை போட்டுப் பூட்டியிருந்தார்கள். தொட்டி தண்ணீரைக் கண்டதே கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைந்த எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இல்லத்துக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு சட்டம் இருந்தது. உள்ளே மது கூடாது. வாசலில் பாட்டிலைக் கொடுத்தால், சிலுவையும் எண்ணும் பொறித்த பித்தளை வில்லை கிடைக்கும். போகும்போது வில்லையைக் கொடுத்துப் பாட்டிலை வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடிந்த பிறகுதான். கடைசி ஆமென் சொன்னதும் என் கணவர், "கையத் தூக்குங்க" என்பார். வில்லை வைத்திருப்பவர்கள் தூக்குவார்கள்.

இந்தச் சமயத்தில் மதுவிலக்கு மறுபடியும் வந்தது. ஊரில் ஒரு கடை இல்லை. பட்டாளத்துக்காரன் பெட்டியில் மட்டும் கேன்டீன் ரம். அதை ஊருக்குள் கொண்டுபோனால் மாமன், மச்சான், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வரை அத்தனை பேருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் பாட்டில்களை எங்களிடமே விட்டுவிட்டு, தேவைக்கு ஒன்றாக வந்து எடுத்துப் போனார்கள். காதுகுத்துக்கு ஒன்று, வரப்புத் தகராறைப் பேசி முடிக்க ஒன்று. அலமாரி நிறைந்ததும் என் கணவர் தொட்டிக்குள் வைக்கோல் பரப்பி, மிச்சத்தை அங்கே அடுக்கிப் பூட்டினார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் அவர், மூடி திறந்தாலே தும்முவார். அம்புட்டு ரம்முக்கு மேலே நின்றுகொண்டு வாரா வாரம் பிரசங்கம் செய்தார்.

அதில் ஒரு பாட்டில் மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. நான் வருவதற்கு முன்பே, பங்களாதேஷ் சண்டைக்குப் போகிற வழியில் ஒரு பையன் கொடுத்தது. ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டால், முகம் ஞாபகமில்லை என்பார்.

"அப்பக் கொட்டிர வேண்டியதுதானே?"

"வில்லை அவன்கிட்டல்ல இருக்கு" என்றார்.

இப்படி இருக்கும்போது, மெட்ராஸிலிருந்து மிஷன் மேற்பார்வையாளர் பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. ஒரு சிப்பாயைக்கூட முழுக்காட்டாத இல்லம் எதற்கு, மூடிவிடலாம் என்று அங்கே பேச்சாம். மூடினால் என் கணவருக்கு வேலை இல்லை, எங்கள் இருவருக்கும் கூரை இல்லை.

திருவாதவூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் அடிக்கடி வந்து தங்குவார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இம்புட்டுத்தானாய்யா? நான் முங்குறேன். பட்டாளத்துல முங்காத தண்ணியா?"

"விசுவாசமில்லாம முங்குனா அதுக்குப் பேரு குளியல், தம்பி."

"எங்க அய்யனாரு கோச்சுக்க மாட்டாருங்கய்யா. அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஏங்க, அவுக சாமியே சம்மதிக்குது, ஒங்களுக்கு என்ன?" என்று நானும் சேர்ந்துகொண்டேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரும் வந்து அவரவர் பாட்டிலை எடுத்துப் போகவும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நம் ஆட்களுக்குக் கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான். ஒருத்தரும் முன்னால் வரவில்லை. பொங்கல் விடுப்பில் வந்திருந்த அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள், துணைக்கு மச்சான்களோடு. ஜல்லிக்கட்டுக் கூட்டம் வழி தவறி ஜெபக்கூடத்துக்குள் புகுந்ததுபோல் இருந்தது. ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள். பாட்டு தெரியாதவர்கள்தான் சத்தமாகப் பாடினார்கள். காரிலிருந்து இறங்கிய மேற்பார்வையாளர் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரசங்கம் செய்தார். யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. முடிவில் தழுதழுத்த குரலில், "முழுக்கு ஞானஸ்நானம் பெற மனதுள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். கையைத் தூக்கச் சொன்னால் பாட்டில் வரப்போகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். கூடம் முழுக்கக் கைகள் எழும்பின, ஒவ்வொன்றிலும் பித்தளை. இரண்டு வில்லை வைத்திருந்தவர் இரண்டு கையையும் தூக்கினார்.

மேற்பார்வையாளர் என் கணவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

"எத்தனை வருடத்து ஜெபம், போதகரே! தொட்டியைத் திறவுங்கள்!"

நான் ஓடிப்போய், "சாவியக் காணோம்னு சொல்லுங்க" என்று என் கணவர் காதில் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதற்குள் பட்டாளத்துக்காரர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து மேடை வரைக்கும் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தணிந்த குரலில், "என் கண் முன்னால் இதையெல்லாம் கொட்டிவிடுங்கள். நான் பார்த்ததை மறந்துவிடுகிறேன். இல்லம் நடக்கட்டும்" என்றார்.

"ஐயா, கொட்டுறதுக்கு இது என் பொருள் இல்லீங்களே. குடுத்தவங்க நிக்கிறாங்க" என்றார் என் கணவர். தொட்டிக்குள் இறங்கி, வில்லையை வாங்கி வாங்கிப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவரும் சல்யூட் வைத்துவிட்டு வாங்கிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் அத்தனை ஒழுங்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பாட்டில்களை நானே எடுத்து உடைத்திருப்பேன். கடைசியில் தொட்டியில் வைக்கோலும் ஒரு பாட்டிலும் மிஞ்சின.

சித்திரை பிறப்பதற்குள் இல்லத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் பரவைக்குக் குடிபோனோம். மார்க்கெட்டில் ஒரு வெங்காயக் கடையில் எடை போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தப் பாட்டிலும் வந்தது, என் கல்யாணப் புடவைக்குள் சுற்றி. மதுவிலக்கு அமலில் இருக்கிறது, போலீஸ் வந்து பெட்டியைத் திறந்தால் நான் என்ன சொல்வது? கேட்டுக் கேட்டுச் சண்டை போட்டேன். அவர் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் அந்த ஹவில்தார் ஒரு கிழவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிழவர் உட்காராமல், மடியிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து நீட்டினார்.

"எம்மவன் சண்டையில போயிட்டான்யா. பட்டாளத்துல இருந்து அவன் பொட்டிய அனுப்புனாக. சட்டப்பையில இது கெடந்துச்சு. என்னான்னு தெரியாம சாமி படத்துக்கிட்ட வச்சிருந்தோம். நேத்து இவுக வந்தப்பப் பாத்துட்டு, ஒங்க மவன் ஏதோ விட்டுட்டுப் போயிருக்கான்னு சொன்னாக. அத வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

என் கணவர் பெட்டியைத் திறந்து, பாட்டிலை எடுத்துத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரிப்புதான் வந்தது அவருக்கு.

"எமகாதகப் பய. வருசா வருசம் அவனுக்குப் படைக்கிறப்ப, இது ஒண்ணுதான் கெடைக்காது. இந்த வருசம் அவனோடதையே வச்சுருவேன்."

பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். இதையா கொட்டச் சொன்னோம்?

கிளம்பும்போது கிழவர் தயங்கி, "ஒங்க இல்லத்துல எம்மவன் சோறு தின்னானாய்யா?" என்று கேட்டார்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடும் வேலையும் தங்கியிருக்கும் என்ற நேரத்தில் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்த மனிதர் என் கணவர். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"தின்னான்யா. ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னான்."

"நான்தான் பரிமாறுனேன்" என்றேன், அப்போது கல்யாணமே ஆகாத நானும்.