நேர்ந்த முடி

என் அண்ணன் முதன்முதலாகக் குத்துச்சண்டைப் போட்டிக்குப் போனபோது அப்பா படுக்கையில் இருந்தார். பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. அவர் எழுந்து நடந்தால் அண்ணனுக்கு மொட்டை போடுவதாக அம்மா திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருந்தாள். அதுவரை கத்தரி படக்கூடாது. முடி தோளைத் தொட்டது. கூடப் பயிற்சி எடுக்கும் பையன்கள், "ஏலே, சடை பின்னிட்டு வா, பூ வாங்கித் தாரோம்" என்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டுவான். அப்புறம் அவர்கள் பேச மாட்டார்கள்.

போட்டி கோவில்பட்டியில். சித்தியை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணனோடு முதல் பஸ்ஸில் போனாள். காலையில் எடை பார்த்தார்கள். அவன் எடைப் பிரிவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எடை குறைய, சட்டைக்கு மேல் சட்டை போட்டு வெயிலில் ஓடினான். துப்பித் துப்பி வாய் உலர்ந்துபோனது. மறுபடி ஏறினான். அப்போதும் ஒரு பிடி மிச்சம். பயிற்சி தரும் மாஸ்டர் தயங்கியபடி அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, அந்த முடிய எடுத்தா சரியா வந்துரும். இல்லன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"வேண்டாம்மா, போவோம்" என்றான் அண்ணன். அம்மா அவன் கையைப் பிடித்து எதிரே இருந்த சலூனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, இது சாமிக்கு உள்ளது. கீழ விழாம எடுங்க."

கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியைத் திருச்செந்தூர் பக்கமாகத் திருப்பிப் போட்டார். அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

முடி விழ விழ அப்பாவுக்கு அங்கே ஏதோ ஆகிறது என்றே நினைத்தேன். அம்மாவின் போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டேன்.

"சித்தி, அப்பா மூச்சு விடுதாவளா?"

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத? டீயில சீனி பத்தலன்னு ஏசிட்டுக் கெடக்காவ."

எடை சரியாக வந்தது. அண்ணன் மேடை ஏறினான். எதிரே நின்றவன் நல்ல உயரம். இரண்டாவது சுற்றில் அண்ணன் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. நான் மறுபடி போன் அடித்தேன். அப்பா தூங்குகிறார் என்றாள் சித்தி. அதைக் கேட்டதும் பயம் கூடியது. எழுப்பிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். பக்கத்தில் அம்மா, முடிப்பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் பயம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

அண்ணன் தோற்றுப்போனான். மூக்கில் பஞ்சோடு இறங்கி வந்தவனை வாயைத் திறக்கச் சொல்லி, பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள் அம்மா.

முருகன் கைவிடவில்லை. கார்த்திகைக்குள் அப்பா எழுந்து நடந்தார். எல்லோரும் திருச்செந்தூர் போனோம். பொட்டலத்தைச் செலுத்திய கையோடு, அம்மா கொண்டையை அவிழ்த்துத் தானும் மொட்டைக்கு உட்கார்ந்தாள். சொன்ன சொல் மாறியதற்குத் தண்டனை என்று நினைத்து நான் அழுதேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "எதுக்குட்டி இது, முருகன் பொறுத்துக்கிட மாட்டானா?" என்றார். அம்மா தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு, அண்ணன் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

வீட்டில் பத்திரமாகத் தூங்கிய அப்பாவுக்காகத்தான் நான் அன்று நடுங்கினேன். கண்ணெதிரே அடிபட்டுக்கொண்டிருந்தது அவள் பிள்ளை என்பதும், அவள் முணுமுணுத்து நேர்ந்தது அவனுக்காக என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை.