தனக்கோடி வெட்டிய மவுண்ட்

"முப்பத்தோரு வருஷமா ஃப்ரேம் போடறேன். இதுவரைக்கும் ஒரு படத்தையும் நான் பாத்ததில்ல. நீளம் இன்னா, அகலம் இன்னா, அவ்ளோதான். உள்ள சாமி கீதா, சாமியார் கீறாரான்னு நமக்கு இன்னாத்துக்கு?"

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஃப்ரேம் கடை வைத்திருக்கும் தனக்கோடி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது ஒரு முறை அல்ல. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகுதான் கழுத்தில் தொங்கும் டேப் கீழே இறங்கும்.

இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. பதினெட்டு வயதில் அவர் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஒரு பானையும் இரண்டு வாழைப்பழமும் வரையச் சொன்னார்கள். பானை நன்றாகத்தான் வந்தது என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். கல்லூரி வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து, சர்க்கரை நோயாளி ஸ்வீட் ஸ்டாலைக் கடப்பதுபோல, தலையைத் திருப்பிக்கொண்டே அவர் படங்களைக் கடந்து வந்திருக்கிறார்.

இந்த மகத்தான துறவறத்தைக் கெடுக்க வந்தது ஓவியர் தோத்தாத்ரி அறக்கட்டளை. தோத்தாத்ரியின் படங்கள் வெளிநாட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. பிள்ளை குட்டி இல்லாத மனிதர், இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டையே அறக்கட்டளையாக்கிவிட்டார். வருஷத்துக்கு ஆறு ஓவிய மாணவர்களுக்கு ஃபெல்லோஷிப். பதிலுக்கு அந்த மாணவர்கள் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்கு இலவசமாக வரையக் கற்றுத்தர வேண்டும்.

"எங்க காலத்துல எவன்யா ஃபெல்லோஷிப் குடுத்தான்?" என்று தனக்கோடி பக்கத்து ஜெராக்ஸ் கடை துரையிடம் பொங்கினார். "வாசல்லயே வச்சு அனுப்பிட்டானுங்க."

"அவனுங்க படத்தயெல்லாம் நீதானே மச்சான் ஃப்ரேம் போடற?"

"அது தொழிலு. இது வயித்தெரிச்சல். ரெண்டையும் கொயப்பாத."

தோத்தாத்ரியைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு கௌரவம் இருந்தது. இமயமலையைப் பார்த்துப் பொறாமைப்படுவது போல. மாணவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதிலும் தவறில்லை, வயது அப்படி. ஆனால் விதி மூன்றாவதாக ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தது. அந்த ஆள் அவர் வீட்டிலேயே ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கங்கையம்மாள். மத்தியான வேளைகளில் கடையில் உட்கார்ந்து கண்ணாடி துடைப்பவர். ஒரு சனிக்கிழமை அறக்கட்டளைக்கு ஃப்ரேம்களைக் கொடுக்கப் போன இடத்தில், ஃபெல்லோஷிப் மாணவன் ஜெபின், "சும்மா ட்ரை பண்ணுங்க அக்கா" என்று ஒரு பென்சிலை நீட்டினான். வாங்கியவர் அடுத்த எட்டு சனிக்கிழமையும் போனார். தனக்கோடி இதைப் பெரிதுபடுத்தவில்லை. கோலத்தைக்கூட கோணலாகப் போடுகிற பெண்மணி என்பது அவர் கணக்கு.

பிறகு அறக்கட்டளை ஓர் அறிவிப்பு ஒட்டியது. மாணவர் படங்களோடு ஏரியாவாசிகளின் படங்களும் கண்காட்சியில் இடம்பெறும், யாரும் கொடுக்கலாம். தனக்கோடி ஒரு வாரம் கடையைச் சீக்கிரம் சாத்தினார். நீர்வீழ்ச்சி, அதன் கீழே எட்டு மான், மேலே முழு நிலா என்று ஒரு படம் உருவானது. அதை மூன்று பேப்பரில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். அறக்கட்டளையில் வேலை பார்க்கும் ஸ்நேகா இரண்டே நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ரொம்ப நீட்டா இருக்கு அங்கிள். ஆனா இது ஏதோ காலண்டர்ல பார்த்த மாதிரி..."

"காலண்டர்காரன் என்னப் பாத்துப் போட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு மான்களோடு வெளியேறினார்.

மறுநாள் தேர்வானவர்கள் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்க அறக்கட்டளையிலிருந்து வந்தார்கள். துரை ஒரு பிரதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, ரோட்டிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார்.

"மச்சான்! உன் வூட்ல ஆர்ட்டிஸ்ட் கீறாங்களாமே!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தனக்கோடி தன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"பதினேழாவது பேரு. கங்கையம்மாள்."

அன்று மாலை தனக்கோடி ஃப்ரேமுக்கு வெட்டிய பீடிங் கட்டை மூன்றும் மூன்று நீளத்தில் இருந்தன.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. நாற்பது படங்களும் ஃப்ரேமுக்கு வந்துவிட்டன. முப்பத்தொன்பதை முடித்துவிட்டு அவர் நாற்பதாவதை எடுத்தார். பெருங்களத்தூரில், பொங்கலுக்கு முந்தின நாள் தெற்கே போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். அவர் பார்த்தது இரண்டே விஷயம். பஸ் சக்கரம் முட்டை வடிவில் இருந்தது; அது அவருக்கு இதமாக இருந்தது. வலது கீழ் மூலையில் 'கங்கையம்மாள்' என்று கையெழுத்து இருந்தது. அது இதமாக இல்லை.

படத்தைச் சுற்றி வருகிற வெள்ளை அட்டைக்கு மவுண்ட் என்று பெயர். அதன் ஜன்னலை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பது ஃப்ரேம்காரரின் முழு அதிகாரம். தனக்கோடி அதிகாரத்தைப் பிரயோகித்தார். கீழ்ப்பக்கம் அரை அங்குலம் குறைத்து வெட்டினார். பஸ் தெரிந்தது, கூட்டம் தெரிந்தது, பெயர் அட்டைக்கு அடியில் அடக்கமானது. கண்ணாடி போட்டு, ஆணி அடித்து, மற்ற படங்களோடு மாட்டினார்.

கங்கையம்மாள் மத்தியானம் துணியோடு வந்தார். எல்லாக் கண்ணாடியையும் துடைத்துக்கொண்டே வந்து தன் படத்தின் முன் நின்றார்.

"இன்னாய்யா, பேரக் காணோம்?"

"மவுண்ட்டுக்கு அடியில பூடுச்சு. அரை இன்ச் ஏறணும். அதான் ரூலு."

கங்கையம்மாள் திரும்பி முப்பத்தொன்பது படங்களையும் பார்த்தார். அத்தனையிலும் பெயர் இருந்தது.

"இதுங்களுக்கு வேற ரூலா?"

"அது... பேப்பர் வேற மே."

அவர் சண்டை போட்டிருக்கலாம். தனக்கோடி தயாராகத்தான் இருந்தார். நாலு பதில் யோசித்தும் வைத்திருந்தார். கங்கையம்மாளோ கண்ணாடியருகே குனிந்து எதையோ தேடினார்.

"அந்தப் பொம்பள காலு தெரியுதா? ஆங், தெரியுது. அது போதும்" என்று துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, அரிசி ஊறப்போட வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எந்தப் பொம்பளை? தனக்கோடிக்குத் தெரியவில்லை. தயாராக வைத்திருந்த நாலு பதிலில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

கூட்டத்தின் ஓரத்தில், கோணிப்பை மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி, மற்றக் கால் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழற்றிய செருப்பின் வாரில் ஒரு சேஃப்டி பின். போன பொங்கலுக்கு அதே இடத்தில், அதே கூட்டத்தில், மனைவிக்குப் பக்கத்திலேயே மூன்று மணி நேரம் அவரும் நின்றிருந்தார். அவர் பார்த்ததெல்லாம் பஸ்ஸின் போர்டுதான்.

'எப்பப் பாத்தா இவ?' என்று எரிந்தது. இந்த எரிச்சல் தோத்தாத்ரியைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது.

படத்தைக் கழற்றினார். பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினார். புது அட்டை எடுத்து, அரை அங்குலம் தாராளமாக ஜன்னல் வெட்டி, படத்தின் மேல் வைத்தார். பெயர் முழுசாக வெளியே வந்தது. இனி கண்ணாடியை வைத்து ஆணி அடிக்க வேண்டியதுதான். கண்ணாடி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

வாசலில் ஒருவர் முருகன் படத்தோடு வந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணா, இதுக்கு ஒரு ஃப்ரேம் போடணும்."

"இரு சார், பாத்துகினு கீறேன்."

"அளவா?"

தனக்கோடி நிமிராமலே இல்லை என்று தலையாட்டினார்.