மூன்றாம் மாடிக்குப் பின்பக்கம்

மகள் அப்னாவின் கல்யாணம் முடிந்து சில நாட்களில், முபாறக் பழையபடி மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனார். ஓட்டோவைக் கீழே விட்டிருந்தார். கையில் மீன் பை. செருப்பைக் கழற்றி, கதவைத் தள்ளி, சாரம் மாற்ற அறைக்குள் நுழைந்தபோதுதான் கட்டிலில் மருமகன் அர்ஷாத் படுத்திருப்பதைக் கண்டார்.

அர்ஷாத் துள்ளி எழும்பினான். "வாங்க மாமா. இரிங்க."

அவருடைய கதிரையில் அவரையே இருக்கச் சொல்கிறான். முபாறக் இருந்தார். எழும்பினார். பிறகு மீனை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்தார்.

சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்குத்தான். முபாறக்கும் ஒரு காலத்தில் மனைவி றபீக்காவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அன்றைக்கு மாமனாரும் மாமியும் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கறிக்கு உப்புக் குறைந்தால் வேலிக்கு மேலால் கை நீளும். அந்த வீட்டையும் வளவையும் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. கரையில் இனிக் கட்டக் கூடாது என்றார்கள். மேற்கே வயலை நிரப்பிக் கட்டிய மாடி வீடுகளில் ஒன்று கிடைத்தது. அதைத்தான் இப்போது மகளுக்குக் கொடுத்திருக்கிறார். ஒதுங்க வேண்டும். ஆனால் மூன்றாம் மாடிக்குப் பின்பக்கம் காற்றுத்தான் இருந்தது. முபாறக்கும் றபீக்காவும் கல்முனையில், கடைகளுக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள்.

போனார்கள் என்றாலும் ஓட்டோ போகவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அது தானாகவே மேற்கே திரும்பியது. இன்னும் இரண்டு தடவை அவர் மாடி ஏறிவிட்டார்.

"காக்கா, வீட்டக் குடுத்த நீங்களா, இரவல் குடுத்த நீங்களா?" என்று ஓட்டோ நிறுத்தத்தில் சக ஓட்டோக்காரன் றாஸிக் கேட்டான். "மாப்பிள்ளப் பகுதி என்ன கதைக்காங்க தெரியுமா? மாமனார் இன்னும் குடிபோகல்லயாம். அர்ஷாத் ரெண்டு நாளா தாய்ட ஊட்டதான் சாப்பாடாம்."

மாப்பிள்ளை தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவதை இந்த ஊரில் எவரும் சாப்பாட்டுக்காக என்று நினைப்பதில்லை.

அதோடு அவர் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். உடனே அப்னா போன் எடுத்து அழுதாள். "என்னய மறந்திட்டீங்களா வாப்பா?"

"போனா குத்தம், போகாட்டியும் குத்தம்," என்றார் மனைவியிடம். "நான் இப்ப என்ன செய்யிற?"

"விருந்தாளி மாதிரிப் போங்களன்."

"எனக்கு அந்த ஊட்டுக் கதவத் தட்டத் தெரியாது புள்ள."

பிறகொரு நாள் பயணி ஒருவரை அதே மாடிக் கட்டடத்துக்கே ஏற்றிவர நேர்ந்தது. ஆள் இறங்கிப் போனபின் முபாறக் படியைப் பார்த்தார். ஏறவில்லை. ஹோர்னை ஒருதரம் அடித்தார்.

மேலே அப்னாவின் தலை தெரிந்தது. றபீக்கா முன்பு சாமான் ஏற்றிய கயிற்றுக் கூடை இறங்கி வந்தது. அன்று வாங்கிய சூரை மீனை அதில் வைத்தார். கூடை ஏறியது.

"ஏறி வாங்களன் வாப்பா!"

"ஹயர் இரிக்கி," என்றார். சவாரி எதுவும் இருக்கவில்லை.

அர்ஷாத் எட்டிப் பார்த்தான். சிரித்தான் போலத்தான் இருந்தது. "மாமா, நில்லுங்க. தேத்தண்ணி இறக்கிறன்."

கூடை மெதுவாக, ஆடாமல் வந்தது. கோப்பை புதிது, கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட கோப்பை. தேத்தண்ணியில் சீனி இல்லை. அவருக்குச் சீனி ஆகாது என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

ஓட்டோவில் சாய்ந்து நின்று குடித்தார். பக்கத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "நீங்க இந்த மாடியா காக்கா?"

"ஓம்," என்றார் முபாறக். கொஞ்சம் பொறுத்து, "இல்ல," என்றார்.

கோப்பையைக் கூடையில் வைத்துவிட்டுக் கயிற்றை ஆட்டினார்.