தலைப்புக்கு விட்ட இடம்

எங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் கண்டினியூட்டி நோட்டு என் கைக்கு வந்தது. ஒரு ஷாட்டில் பெண்ணின் பை இடது தோளில் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது தோளில் இருக்க வேண்டும். வலது ரிப்பன் முடிச்சு சின்னதாக இருந்தால் கடைசி வரை சின்னதாகவே இருக்க வேண்டும். அதையெல்லாம் பார்த்து எழுதிக்கொள்வது என் வேலை. கேஸை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவளுக்கென்று இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

நாமக்கல்லில் நடந்த ஒரு வருட வீடியோ வகுப்பு அது. மார்க் ஷீட் கேட்க மாட்டார்கள் என்பதால் சேர்ந்தேன். கடைசியில் ஒரு குழு வேலை கொடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து, பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு படத்தின் ஆரம்பத்தை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டே நிமிடம். அதற்குள் அந்தப் பெண் யார் என்று தெரிய வேண்டும், படத்தின் தலைப்பும் வந்துவிட வேண்டும். தலைப்பு வர இடம் விட்டு எடுங்கள், முகத்தின் மேல் எழுத்தை ஒட்டாதீர்கள் என்று எங்கள் மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டைரக்டராக இருந்தவள் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கடைவீதியில் அவள் அத்தாவுக்குத் துணிக்கடை. தறியிலிருந்து வந்த துணியைத் தடவிப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். கேமராக்காரன் சங்ககிரியில் மாமா வைத்திருக்கும் கல்யாண ஸ்டூடியோவில் வளர்ந்தவன். எதை எடுத்தாலும் முதலில் மாலை எங்கே என்று தேடுவான். மூன்றாமவன் வீட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. எனக்கு மட்டும் இருபத்தி நாலு வயது. மூன்று பேருக்கும் நான் அக்கா.

முதல் வாரத்திலேயே ஒருவரையொருவர் என்ன படித்தாய் என்று கேட்டுக்கொண்டோம். கேமராக்காரன் பத்தாவது கணக்கில் முப்பத்திரண்டு வாங்கி ஃபெயிலானதைப் பெருமையாகச் சொன்னான். என் முறை வந்தபோது, எனக்கும் கணக்குதான், இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். அவன் நம்ம கட்சி என்று சொல்லிக் கையிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

அந்த இருபத்தெட்டு நானாகப் போட்டுக்கொண்ட மார்க். நான் பரீட்சையே எழுதவில்லை. எங்கள் பள்ளிக்கு சென்டர் வேறொரு பள்ளியில் விழுந்திருந்தது. எருமப்பட்டிப் பக்கம் போகும் ஒரு சாலையில், இடதுபுறம் ஒரு சந்துக்குள் அந்தப் பள்ளி. ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஹால் டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். சந்து வந்தது. ஹேண்டில் பார் திரும்பவில்லை. முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. கை திரும்பவில்லை, அவ்வளவுதான். நேராகப் போய் ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து, பரீட்சை முடியும் நேரத்துக்கு எழுந்து வீட்டுக்கு வந்தேன். ஈஸியாக இருந்தது என்று சொன்னேன். மீதி எல்லாப் பரீட்சைக்கும் அதே நிழற்குடை. ரிசல்ட் வந்த அன்று மார்க் இருக்க வேண்டிய இடத்தில் மார்க் இல்லை. அப்பா சைக்கிளை விற்றுவிட்டார்.

அதன்பின் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். வருடா வருடம் மார்ச் மாதம் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கொண்டு வருவார்கள். மெஷினிலிருந்து வெதுவெதுப்பாக வெளியே வரும் தாளைக் கையில் கொடுக்கும்போது, எதற்கும் இரண்டு காப்பி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

டைரக்டர் யோசித்த ஆரம்பம் இதுதான். ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பின் முதல் நாள். புதுப்பள்ளி. ஜடை போடுகிறாள், ரிப்பன் கட்டுகிறாள், பனிக்குள் சைக்கிள் ஓட்டி வருகிறாள், பள்ளிச் சந்துக்குள் திரும்பி மறைகிறாள். காலியாகக் கிடக்கும் சாலையின் மேல் தலைப்பு. பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் மாதத்தில் பனி ஏது என்று நான் நோட்டில் எழுதி நீட்டினேன். பனி அழகாக இருக்கும் என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சைக்கிளுக்கு முன்னால் போய்க்கொண்டே பின்பக்கம் பார்த்து எடுக்க வேண்டும். காருக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரன் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு சேஸிஸ் வருகிறது என்று. எங்கள் ஊர்ச் சாலையில் அடிக்கடி பார்க்கலாம். கேபின் இல்லை, கூடு இல்லை; முன்னால் இன்ஜின், பின்னால் இரண்டு நீள இரும்புச் சட்டமும் சக்கரங்களும். சதை தின்றுவிட்டு வைத்த மீன் முள் நடந்து வருவதுபோல் இருக்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். பட்டறைக்குள் போய்விட்டால் அன்றைக்கே வேலை ஆரம்பித்துவிடும். அதனால் எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான்.

எந்தச் சாலை என்று கேட்டேன். சொன்னான். எருமப்பட்டிப் பக்கம் போகும் அதே சாலை. எந்தச் சந்து என்று கேட்கவில்லை. அந்தச் சாலையில் பள்ளிக்கூடச் சந்து ஒன்றுதான் உண்டு. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இருபத்தெட்டு போய்விடும், வடை தின்ற அன்றிலிருந்து எல்லாம் பொய்யாகிவிடும். நோட்டில் ‘சாலை’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை கிட்டத்து ஷாட்டுகளை எடுத்தோம். நடித்த பெண் நிஜமாகவே பதினொன்றாம் வகுப்பு. வீடு அதே சந்தில். கண்ணாடி முன் ஜடை, ரிப்பன், பை. பனியில் போகிறவள் காதை மூடாமல் போனால் காய்ச்சல் வரும் என்று நான் விடாமல் சொன்னதால், கடைசி ஷாட்டில் அவள் வெள்ளை ஸ்கார்ஃபை எடுத்துத் தலையையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னென்ன தப்பாகலாம் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஏழாவதாக, பெண்ணுக்குக் காய்ச்சல் வரலாம் என்று எழுதியிருந்தேன்.

வந்தது.

விடியுமுன் பைபாஸ் ஓரத்தில் நாங்கள் நின்றிருந்தபோது போன் வந்தது. சேஸிஸ் ஏற்கெனவே வந்து உறுமிக்கொண்டு நின்றது. இரும்புச் சட்டத்தின் குறுக்கே பலகையைக் கட்டி, அதன்மேல் காகித முட்டை அட்டைகளை அடுக்கி, அதிர்வு தெரியாமலிருக்க அதன்மேல் கேமராவை வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கியிருந்தான் பட்டறைக்காரன். டைரக்டர் போனை வைத்துவிட்டு என் உயரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்கதான் ஓட்டணும்.”

“எனக்கு இருபத்தி நாலு வயசு.”

“பனிக்கு அது தெரியாது.”

கேமராக்காரனும் சேர்ந்துகொண்டான். “கல்யாணப் பொண்ணையே நாப்பதடி தள்ளி நின்னு ஆருன்னு தெரியாம எடுத்திருக்கறனுங்க்கா. நீங்க வாங்க.”

பட்டறைக்காரன் போய்ச் சீருடையையும் சைக்கிளையும் வாங்கி வந்தான். ஒரு டீக்கடையின் பின்னால் உடை மாற்றினேன். தோள் பிடித்தது, முதுகில் டைரக்டர் ஊக்கு குத்தினாள். பை இடது தோள். வாட்ச் உள்பக்கமாக. வலது ரிப்பன் முடிச்சு சின்னதாக. என் நோட்டைப் பார்த்து என்னையே நான் சரிசெய்துகொண்டேன். ஸ்கார்ஃபைக் கட்டியதும் என் மூச்சு எனக்கே சுட்டது.

டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். முதல் கியரிலேயே போகச் சம்மதித்திருந்தார். “பொறத்தால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங் சாமி, கண்ணாடி இல்ல. சத்தம் போட்டா நிறுத்தறேன். இல்லீன்னா பட்டறைலதான் நிப்பேன்.” கேமராக்காரனும் பட்டறைக்காரனும் பலகையில் உட்கார்ந்து தங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். டைரக்டர் முன்கூட்டியே போய்ச் சந்து முனையில் ஒரு மதில் பின்னால் நின்றுகொண்டாள்.

மிதித்தேன். மரவள்ளிக் காடுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன என்று தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. சாலை ஒரு லாரி நீளத்துக்கு முன்னால் உண்டாகி, பின்னால் கரைந்தது. முன்னே அந்த எலும்புக்கூடு தரையைத் தொடாமல் மிதந்தது. அதன்மேல் இரண்டு பேர், அவர்களுக்கும் அப்பால் துண்டு சுற்றிய ஒரு தலை. இன்ஜின் சத்தம்கூடப் பஞ்சில் பொதிந்ததுபோல் வந்தது. நாமக்கல் பாறை ஒரு முறை வலதுபக்கம் ஆகாயத்தில் தெரிந்து, தெரிந்ததா என்று சந்தேகப்படுவதற்குள் போய்விட்டது. நெடுநாளைக்குப் பின் எனக்கு எந்தப் பயமும் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் கால்கள் மிதிக்கின்றன, அவளுக்கு என்ன நடந்தாலும் எனக்கு நடந்ததாகாது என்று இருந்தது.

சந்து வந்தது. மதிலை ஒட்டி டைரக்டரின் துப்பட்டா நுனி தெரிந்தது. கேமராக்காரன் சந்துப் பக்கம் கையை நீட்டித் திரும்பு என்று காட்டினான். ஹேண்டில் பார் திரும்பவில்லை.

டைரக்டரைக் கடந்து நேராகப் போனேன். சத்தம் போட்டால் வண்டி நின்றுவிடும் என்பதால் அவள் கூப்பிடவில்லை. கேமராக்காரன் கையை இறக்கிவிட்டான், ஆனால் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் சேஸிஸின் பின்னாலேயே மிதித்தேன். பிறகு கால்கள் என்னுடையவை ஆகிவிட்டன. நடுச்சாலையில் ஒரு காலை ஊன்றி நின்றேன். அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. முதலில் சக்கரங்கள் கரைந்தன, பிறகு அந்த இரண்டு பேர்.

டைரக்டர் ஓடி வந்தபோது மூச்சு வாங்கியது. சைக்கிளை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு நடந்தோம்.

பட்டறையில் கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஏன் திரும்பவில்லை என்று கேட்டபோது, ஹேண்டில் இறுகிவிட்டது என்றேன். பட்டறைக்காரன் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். நன்றாக இருந்தது. அவனிடம் இரும்பைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது.

“எனக்கு இருபத்தெட்டு இல்ல,” என்றேன். “நான் பரீட்சைக்குப் போகவே இல்ல. அந்தச் சந்துலதான் சென்டரு. அன்னைக்கும் இப்படித்தான் நேரா போயிட்டேன்.”

டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கேமராக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அப்ப நான் ஒருத்தன்தான் ஃபெயிலா?” என் முன்னால் கையை நீட்டினான். “அந்த வடையத் திருப்பிக் குடுங்க்கா.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. ஸ்கார்ஃப் இன்னும் வாயைச் சுற்றி இருந்தது.

டைரக்டர் ஷாட்டை மறுபடியும் ஓட்டச் சொன்னாள். திரும்ப வேண்டிய பெண் திரும்பாமல் வருகிறாள். நிற்கிறாள். சின்னவளாகிக்கொண்டே போகிறாள். பனி மூடுகிறது. அதன்பின் திரை முழுக்க வெள்ளை, கேமராக்காரன் அணைக்க மறந்ததால் வெகு நேரம் வரைக்கும். டைரக்டர் அந்த வெள்ளையை விரலால் தொட்டாள்.

“தலைப்பு இங்க வரும்,” என்றாள். “கதைய மாத்திக்கலாம். அக்காக்குச் சம்மதம்னா.”

இது யார் கதை என்று மிஸ் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் கதை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். சரி என்றேன். மாற்றிச் சொல்லலாமா என்று பார்ப்பதற்குள் அவள் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டாள்.

சீருடையும் சைக்கிளும் காய்ச்சல்காரியுடையவை. அவற்றைத் திருப்பிக் கொடுக்க அதே சந்துக்குத்தான் போக வேண்டும். பட்டறைக்காரன் தான் போவதாகச் சொன்னான். நானே போகிறேன், அந்தப் பெண் வீட்டிலேயே உடை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, சொன்னது நான் என்று. டைரக்டர் பின் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

பனி விலகியிருந்தது. மரவள்ளிச் செடிகள் நனைந்து நின்றன. சந்து வந்ததும் நிறுத்தி, காலை ஊன்றினேன். பின்னால் அவளுடைய இரண்டு செருப்புகளும் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. விழாமலிருக்கக் காலை ஊன்றிக்கொண்டாளோ, இறங்கிவிட நினைத்தாளோ. ஹேண்டிலைச் சந்துக்குள் ஒடித்தேன்.

இத்தனை வருடமாக நான் பார்க்காமலே மனதில் கட்டி வைத்திருந்த கேட் மிகப் பெரியது, கறுப்பு. இது பச்சை. பெயின்ட் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. கம்பியில் வாட்ச்மேன் துண்டைக் காயப்போட்டிருந்தார். உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். கேஸை அணைத்தோமா என்று பார்ப்பதைப்போலத்தான், நன்றாகத் தெரியும்வரை.

“அக்கா,” என்றாள் பின்னாலிருந்து. “ரிப்பன் கழண்டுருச்சு.”

எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலது என்றாள். எப்போது கழன்றது என்று நோட்டில் எழுதியிருக்கவில்லை.