காகத்தைக் கூப்பிடக்கூடாத இடம்

போன ஞாயிற்றுக்கிழமை, நோர்வேயில், லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு சதுப்பு நிலத்தில் நின்று 'கா... கா...' என்று கத்திக்கொண்டிருந்தோம். நானும் சறோ அக்காவும். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள்.

சறோ அக்கா ட்வெய்ட்டாக் குடியிருப்பில் எனக்கு மேல் மாடி. அவருடைய கணவர் மகேந்திரன் அண்ணை பஸ் ஓட்டியவர். அவர் போய் ஒரு வருடம். அன்றைக்குத்தான் ஆண்டுத் திவசம். படைத்த சோற்றைக் காகம் தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் கை வைக்கலாம் — இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காகம் சாப்பிட்டால் அவர் வந்து சாப்பிட்டார் என்று அர்த்தம். சாப்பிடாவிட்டால்..? ஏதோ மனக்குறையோடு போய்விட்டார் என்றாகிவிடும். அந்த நினைப்பே அக்காவைத் தின்றுகொண்டிருந்தது.

எனக்கு வேறு பயம். அக்காவுக்குச் சலரோகம், அதுதான் சர்க்கரை வியாதி. காலையிலிருந்து வெறும் தண்ணீர்.

பால்கனியில் பறவைகளுக்குத் தீனி வைக்கக்கூடாது, எலி வரும் என்று எங்கள் குடியிருப்பில் கண்டிப்பான விதி. அக்கா களவாக வைத்துப் பார்த்தார். காகம் வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாய் வால் நீண்ட ஒன்று வந்தது. அக்கா அதைத் துரத்திவிட்டார். "இவர் கறுப்பு, சரி. வெள்ளை எங்காலை வாறது?"

இந்த ஊர்க் காகமே சாம்பல் நிறம்தான். அதற்கு ஐயரிடம் முன்பே அனுமதி வாங்கியாயிற்று. குளிருக்குக் கோட்டுப் போட்டிருக்குது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

பத்து மணிக்கு அக்காவுக்கு யோசனை வந்தது. அண்ணை ஒவ்வொரு வசந்தத்திலும், லீவு கிடைக்கிற நாளெல்லாம், பறவை பார்க்கத் தூரக் கண்ணாடியோடு அந்தச் சதுப்புக்குத்தான் போவார். அவர் வருவதென்றால் அங்கேதானே வருவார்?

பாதாள ரயில், பிறகு ரயில், பிறகு நடை. என் கைப்பையில் பிஸ்கட். ஒன்றாவது சாப்பிடுங்கள் என்று ஒவ்வொரு தரிப்பிலும் கெஞ்சினேன். பேசாமல் வா என்றார்.

வாசலில் ஒரு பெரிய பலகை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து நிறைந்த பலகையைக் கண்டால் அது என்னைத்தான் திட்டுகிறது என்று தோன்றும். பார்க்காத மாதிரிக் கடந்தேன். உள்ளே நாணல், தண்ணீர், நனைந்த புல்வெளி. புல்வெளியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அலுமினியத் தாளை விரித்துச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, ஒரு வடை வைத்தோம். கத்தத் தொடங்கினோம்.

வந்தது காகமல்ல. பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு பெண். மாகாண நிர்வாகத்திலிருந்து இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவராம்.

அபராதமா? போலீசா? குடியுரிமை கிடைத்து எத்தனையோ காலம். ஆனாலும் சீருடையைக் கண்டால் முதலில் பாஸ்போர்ட்தான் ஞாபகம் வருகிறது... உங்களுக்கும் அப்படித்தானே?

கன்டீன் சமையலறையில் பழகிய நோர்வேஜியனில் விளக்கினேன். செத்துப்போன கணவருக்குச் சாப்பாடு, அவர் காகமாய் வருவார், வந்தால்தான் இவர் சாப்பிடலாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து சோற்றைப் பார்த்தார்.

பிறகு சொன்னார். இந்தப் புல்வெளியில் வெறும் தரையில் முட்டையிடுகிற பறவைகள் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகின்றன. அதனால்தான் முட்டைக் காலம் முடியும்வரை மாகாணம் பாதையை அடைத்துக் கயிறு கட்டுகிறது. நாயை அவிழ்த்துவிடக்கூடாது. புதர் மண்டாமல் இருக்கக் கோடையில் மாடு மேய விடுகிறார்கள். இவ்வளவும் செய்து காப்பாற்றுகிற முட்டையை வந்து தூக்குகிறது யார் என்று நினைக்கிறீர்கள்?

காகம்.

நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்... சோறும் வைத்து.

இந்த நாட்டில் சேற்றுக்குக்கூட ஒரு பொறுப்பதிகாரி இருக்கிறார். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அந்தக் கயிற்றைப் பார்க்கப் பார்க்க வேறு என்னவோ செய்தது. நாலு முட்டைக்கு ஓர் அரசாங்கம் காவல் நிற்கிறது. சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் வீடுகளைச் சுற்றியும் யாராவது இப்படி ஒரு கயிறு கட்டி, 'இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், வராதீர்கள்' என்று ஒரு பலகை நட்டிருந்தால், நான் இங்கே கன்டீனில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்க மாட்டேனே — சரி, அதை விடுங்கள்.

அந்தப் பெண் மூன்று கால் வைத்த தூரக் கண்ணாடியைத் திருப்பி அக்காவைப் பார்க்கச் சொன்னார். அக்கா குனிந்தார். நிமிரவேயில்லை. மயங்கிவிட்டாரோ என்று தோளைப் பிடித்தேன்.

"ஆட்காட்டிக் குருவி," என்றார். "குடுமியோடை அடைகாக்குது. இவர் வந்து வந்து சொல்லுவார், குடுமி வைச்ச ஆட்காட்டி எண்டு. நான் பகிடி எண்டெல்லோ நினைச்சனான்."

கண்ணை எடுக்காமலே மற்றதையும் சொன்னார். "ஒவ்வொரு வருசமும் 'வாருமன் சறோ, ஒருக்கா வந்து பாருமன்' எண்டு கேப்பார். சேத்துக்குள்ளை ஆர் வாறது எண்டு சொல்லிப்போடுவன்."

அக்காவின் தோளில் நழுவிய சால்வையை இழுத்து விட்டேன்.

அப்போதுதான் அது வந்தது. சாம்பல் கோட்டு. கயிறு கட்டிய கட்டையில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. பிறகு புல்வெளியைப் பார்த்தது. மறுபடி சோறு.

அந்தப் பெண் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார். அக்கா காலையிலிருந்து எதற்காகக் காத்திருந்தாரோ அது நாலு அடி தூரத்தில் இருந்தது. ஒரு பருக்கை கொத்தினால் போதும், அக்கா சாப்பிடலாம். நான் இந்தப் பக்கம் இருந்து மனதுக்குள், கொத்து, கொத்து, என்றுகொண்டிருந்தேன். கடவுளே, அந்த முட்டைகள் என்னை மன்னிக்கட்டும்.

அக்கா நிமிர்ந்தார். சால்வையைக் கையில் எடுத்தார். காகத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இஞ்சேருங்கோ," என்றார் மெதுவாக. "இதிலை வேண்டாம். அங்கை முட்டை கிடக்கு. நீங்கள் போங்கோ."

உடனே போகவில்லை. அண்ணையும் அப்படித்தான், சொன்ன உடனே கேட்கிற மனுசன் இல்லை. அக்கா சால்வையை ஒருமுறை வீசினார். அது எழும்பி, புல்வெளிப் பக்கம் போகாமல், ஊர்ப் பக்கம் பறந்தது. மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு பார்வையை நான் விமான நிலையங்களில் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

பிறகு மூன்று பேருமாய்ப் புல்லுக்குள் சிந்தியதெல்லாம் பொறுக்கினோம். பச்சை ஜாக்கெட்டும் முழங்காலில் இருந்து பொறுக்கியது.

லில்லெஸ்ட்ரோம் ஸ்டேஷன் பெஞ்சில் நான் பிஸ்கட்டை நீட்டினேன். அக்கா அதைத் தள்ளிவிட்டு, மடித்த அலுமினியத் தாளைப் பிரித்துச் சோற்றைப் பிசைந்தார். என் வாய் சும்மா இருக்குமா? காகம் தொடவில்லையே அக்கா என்றேன்.

"அந்தச் சேத்துக்குள்ளை போய் நிண்டால் அந்த மனுசனுக்கு எப்ப பசிச்சது, பிள்ளை?" என்றார். ஒரு கவளம் வாயில் வைத்தார். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டார். வடையில் பாதி எனக்கு.

நேற்று வேலைக்குப் போகும்போது நடைபாதையில் ஒரு காகம் நின்றது. நான் இறங்கி ஒதுங்கி வழி விட்டேன். யார் வீட்டு மனுசரோ...